வீடு பார்க்க வந்தவர்கள்

கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து என் விரல்கள் பேனாவை மறந்துவிட்டன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. சின்ன ர, பெரிய ற இரண்டுக்கும் எனக்கும் இன்றுவரை தகராறுதான். ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே போடக் கூடாது என்பதும் தெரியாது. பிழை இருந்தால் படிப்பவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஒரு பிழை தாளில் வந்ததல்ல. என் வாயில் வந்தது. அதனால் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு அக்கா, தான் குடியிருந்த வீடு கைவிட்டுப் போய்விட்டது என்று நம்பி என் கண் முன்னாலேயே பெட்டி கட்டினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத்தான் எழுதப் போகிறேன்.

தாம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே டாக்ஸி ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறேன். வெள்ளை அம்பாசிடர், சொந்த வண்டி. எனக்குக் கூச்சம் அதிகம். ஆளை நேருக்கு நேர் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் கொஞ்சம் பரவாயில்லை. கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தபடி பேசிவிடுவேன். கண்ணாடியில் தெரியும் முகம் என்னை ஒன்றும் செய்துவிடாது என்று ஒரு தைரியம். என் மனைவிகூட முக்கியமாக ஏதாவது பேச வேண்டுமென்றால், "வா, போயி வண்டியில உக்காந்துக்கலாம். அப்பதான் உனக்கு வாய் வரும்" என்பாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம், ஐப்பசி. ஒரு சனிக்கிழமை காலையில் ஒரு அம்மா ஸ்டாண்டுக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கட்டடம் கட்டச் சொல்லிக் கொடுக்கிற கல்லூரியில் டீச்சராம். தோளில் கேமரா, கையில் நீளமான நோட்டு, ஒரு தாளில் பத்துப் பதினைந்து விலாசங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வண்டி வேண்டும், பல்லாவரம் தொடங்கி மாடம்பாக்கம் வரை வீடுகளைப் பார்க்க வேண்டும் என்றார்.

"யார் வீடும்மா?"

"யார் வீடா இருந்தாலும் சரி. அம்பதுல, அறுபதுல மாடர்னா கட்டின வீடுங்க. இப்ப ஒண்ணொண்ணா இடிச்சு ஃபிளாட் போடறாங்க இல்ல? அதுக்கு முன்னாடி படம் எடுத்து, வரைஞ்சு வெச்சுக்கணும்."

பக்கத்து வண்டிக்காரன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். அந்த அம்மா வண்டியில் ஏறும்வரை பொறுத்திருந்துவிட்டு என் காதில் சொன்னான்: "மச்சான், இன்னாடா இது, பழைய வூட்டை மாடர்ன்னு சொல்லிகினு கீறாங்க? எங்க வூட்டையும் காட்டுடா. எந்தெந்த இடத்துல ஒழுவுதுன்னு வரைஞ்சு குடுத்தா கொத்தனாருக்கு உதவும்."

முதல் வீடு குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே. தினமும் அந்த வழியாகப் போகிறவன்தான் நான். அந்த வீட்டை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. முன்பக்க பால்கனி வட்டமாகத் திரும்பியது. மொட்டை மாடிக்கு மேலே எதற்கென்றே தெரியாமல் மூன்று கான்கிரீட் பலகைகள் செங்குத்தாக நின்றன. அந்த அம்மா இறங்கி கேட்டைத் தட்டினார். உள்ளேயிருந்து ஒரு பெண் பாதிக் கதவைத் திறந்து, "ஊறுகாயெல்லாம் வேணாம்மா" என்று சொல்லி மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "அண்ணா, நீங்க கேளுங்களேன். நீங்க இந்த ஊர்க்காரர். நம்புவாங்க."

எனக்கு வியர்த்துவிட்டது. வண்டியிலிருந்து கேட் வரை பத்தடி. அந்தப் பத்தடிக்குள் என்ன சொல்வது என்று நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கதவு திறந்ததும் தரையைப் பார்த்தபடி சொன்னேன்: "வீடு பார்க்க வந்திருக்காங்க."

உடனே கேட் முழுதாகத் திறந்தது.

அங்கே எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டது நடந்தது, அவ்வளவுதான். மத்தியானம் மேற்குத் தாம்பரத்தில் இரண்டாவது வீட்டில்தான் புரிந்தது. அது ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீடு. வாசல் சுவர் முழுக்க ஓட்டை போட்ட கல். வெயில் அதன் வழியாகப் புள்ளி புள்ளியாக மொசைக் தரையில் விழுந்தது. அந்த அம்மா தரையிலேயே உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டார். வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "தண்ணிக் கஷ்டமே கிடையாதும்மா. கிணறு இனிக்கும். மொத்தம் எத்தனை பேர்?" என்றார்.

"நாலு பேர் சார்." அந்த அம்மா தன் கூட வேலை செய்கிறவர்களைச் சொன்னார்.

"நாலு பேருக்கு மாடி தாராளம். நான்-வெஜ் சமைப்பீங்களா?"

அந்த அம்மா பென்சிலை நிறுத்திவிட்டு, "சமைப்போமே. ஏன் சார்?" என்றார்.

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்றார். முகம் சுண்டியது. ஆனாலும் மாடி, சமையலறை, குளியலறை எல்லாம் காட்டினார்.

வண்டியில் ஏறியதும் அந்த அம்மா ஆச்சரியப்பட்டார். "எவ்வளவு நல்ல மனுஷங்க! முன்னபின்ன தெரியாதவங்களுக்கு பாத்ரூம் வரைக்கும் காட்டறாங்க."

கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு விளங்கிவிட்டது. பெண் பார்க்கப் போகிறோம் என்றால் கல்யாணம் பேசப் போகிறோம் என்று அர்த்தம். பெண்ணைப் பார்க்கப் போகிறோம் என்றால் சும்மா பார்த்துவிட்டு வருவது. அதே மாதிரிதான் இதுவும். வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வீடு பார்க்க என்று சொன்னதால் வாடகைக்கோ விலைக்கோ வந்த ஆள் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

தெரிந்த பிறகும் அதையே சொன்னேன். அந்தச் சனிக்கிழமை இன்னும் மூன்று வீடுகளில் சொன்னேன். கேட் திறக்கிறது, பேச்சு வளர்வதில்லை, யாரும் என்னைக் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. கூச்சக்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடியிருந்தது. அந்த அம்மா மாடம்பாக்கம் என்றதும் நானாகவே, "கோயிலுக்குப் போறீங்களாம்மா? சோழர் காலத்துக் கோயில்" என்றேன்.

"ஆயிரம் வருஷம்னா எல்லாரும் பார்ப்பாங்க அண்ணா. முப்பது வருஷம்னாதான் யாரும் பார்க்க மாட்டேங்கறாங்க. முதல்ல ராஜகீழ்ப்பாக்கம் போங்க. பட்டாம்பூச்சி மாதிரி கூரை வெச்ச வீடு ஒண்ணு இருக்காம்."

எனக்கு அந்த வீடு தெரியும். ஊரில் அதை றெக்கை வீடு என்பார்கள். வேளச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே போனால் ஒரு புளியமரத்துக்கு எதிரே இருந்தது. மற்ற வீடுகளில் கூரை நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும். இதில் தலைகீழ். இரண்டு பக்கமும் மேலே தூக்கி, நடுவில் பள்ளம். முன்னால் போர்டிகோவை இரண்டு இரும்புக் குழாய்கள் சாய்வாக நின்று தாங்கின. மேலே விமானம் பறக்கும்போது வீடும் கூடவே கிளம்பப் போவது போலத் தோன்றும். நிலம் விற்ற பணத்தில் ஒரு விவசாயி மெட்ராஸ் இஞ்சினியரைக் கூட்டி வந்து கட்டியதாகச் சொல்வார்கள். அவர் செத்துப்போய்விட்டார். இப்போது அவருடைய மகள் மட்டும் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கேட்டைத் தட்டினேன். அந்த அக்கா வந்தார். மெலிந்த உடம்பு, கழுத்தில் தையல்காரர்களைப் போல டேப் தொங்கியது. நான் வழக்கம் போலத் தரையைப் பார்த்தேன்.

"வீடு பார்க்க வந்திருக்காங்க."

கேட் திறக்கவில்லை. நிமிர்ந்தேன். அந்த அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. வண்டியைப் பார்த்தார், கேமராவோடு இறங்கிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அவன் அனுப்பினானா?"

எவன் என்று எனக்குத் தெரியாது. வாய் வரவில்லை. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. இப்படியும் இல்லாமல் அப்படியும் இல்லாமல், நம் ஆட்கள் ஆட்டுவது போல ஆட்டினேன்.

அவர் தாழ்ப்பாளை எடுத்தார். "வாங்க" என்றார்.

உள்ளே போனதும் அந்த அம்மா தன்னை மறந்துவிட்டார். கூரை உள்பக்கத்திலும் நடுவில் தாழ்ந்துதான் இருந்தது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே சுற்றிலும் கண்ணாடி. மூடிய வானத்து வெளிச்சம் அங்கிருந்து இறங்கியது. "அண்ணா, இதைப் பிடிங்க" என்று இரும்பு டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு ஹாலின் கோடிக்குப் போனார். நான் சுவரோடு நின்றேன்.

அந்த அக்கா என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார். என்னிடம் மட்டும்தான் பேசினார்.

"நீ புரோக்கரா, டிரைவரா?"

"டிரைவர்தான்க்கா."

"இப்பல்லாம் புரோக்கருங்களும் கார்லதான் வர்றாங்க." கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார். "டேப்பை இழுத்துப் பிடி. தொய்ஞ்சா அளவு கூடிடும். அளக்கறதுதான் அளக்கறீங்க, சரியா அளங்க."

இழுத்துப் பிடித்தேன்.

"எங்கப்பாவோட பதினாறாம் நாள் காரியத்துல, ஊர்ப் பெரியவங்க முன்னாடி என் தம்பி வாக்குக் குடுத்தான். நான் கண்ணை மூடற வரைக்கும் இந்த வீட்டை விக்கறதில்ல, யாருக்கும் காட்டறதும் இல்லன்னு. எனக்கு வேற போக்கிடம் இல்லன்னு எல்லாருக்கும் தெரியும். உனக்கு அதைச் சொன்னானா?"

அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. இல்லைக்கா, இவங்க வாங்க வந்தவங்க இல்ல, சும்மா பார்க்க வந்தவங்க. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மனதுக்குள் தயாராக இருந்தது. கோடியிலிருந்து அந்த அம்மா, "பதினெட்டே கால்! அண்ணா, அடுத்த சுவர்" என்று கூப்பிட்டார். நான் அடுத்த சுவருக்குப் போனேன்.

பல முறை யோசித்திருக்கிறேன், ஏன் சொல்லவில்லை என்று. சொன்னால் நேற்றிலிருந்து சொன்ன பொய்யெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கொஞ்சம் அதனால். மீதி, அந்த அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததால். நடுவில் கண்ணாடி இல்லை.

மழை பிடித்தது. கூரையின் இரண்டு றெக்கைகளிலும் விழுந்த தண்ணீர் நடுப் பள்ளத்தில் சேர்ந்து, பின்பக்கம் ஒரே தாரையாகத் தொட்டியில் கொட்டியது. அந்த அம்மா குழந்தை மாதிரி பின்கட்டுக்கு ஓடினார். "எவ்வளவு அழகு!" என்று குரல் கேட்டது. அந்த அக்கா என்னிடம், "ஒரு நல்ல மழைக்கு ஒரு தொட்டி. எவ்வளவு நேரத்துல ரொம்பும்னு எங்கப்பா மணி பார்த்து வெச்சிருந்தாரு" என்றார். சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமை அதே மூச்சில் அணைந்துபோனது.

பிறகு பக்கத்து மளிகைக் கடையை நோக்கிச் சுவருக்கு மேலாகக் கூப்பிட்டார். "தம்பி கடைக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுப்பா. அவன் அனுப்பின ஆளுங்க வந்து அளந்துகினு இருக்காங்க, சாவியை வந்து வாங்கிக்கச் சொல்லு."

தம்பிக்குக் குரோம்பேட்டையில் இரும்புச் சாமான் கடை. ஸ்கூட்டரில் வந்தால் கால் மணி நேரம்.

அந்தக் கால் மணி நேரத்தில் அந்த அக்கா தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். புடவைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார். தையல் மிஷினின் மேல் மூடியைப் போட்டுப் பூட்டினார். அவசரமே இல்லை. வெகுநாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வேலை போல இருந்தது. அழுதிருந்தால்கூட எனக்கு வாய் வந்திருக்கும். அவர் அழவில்லை.

"நீ உயரமா இருக்கே. அதைக் கொஞ்சம் எடுத்துக் குடு" என்றார்.

ஹால் சுவரில் அவருடைய அப்பா, அம்மா படம். பெரிய கண்ணாடிப் படம். நான் ஸ்டூலில்கூட ஏற வேண்டியிருக்கவில்லை. கையை நீட்டி ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெள்ளையாக, சதுரமாகத் தெரிந்தது. நான் இந்தக் கையால் கழற்றினேன். அந்த நிமிடம்கூட வாயைத் திறக்கவில்லை.

அவர் முந்தானையால் படத்தைத் துடைத்து, ஒரு புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

அந்த அம்மா நனைந்த தலையோடு உள்ளே வந்தார். திறந்த பெட்டியைப் பார்த்து, "ஊருக்குக் கிளம்பறீங்களாம்மா? நாங்க தொந்தரவு பண்ணிட்டோமா?" என்று கேட்டார்.

"எப்ப இடிப்பீங்க?" என்றார் அந்த அக்கா.

"இடிக்கறதா? யாரு?"

அதற்குள் வெளியே ஸ்கூட்டர் சத்தம். என் வண்டி நகர முடியாதபடி அதற்கு முன்னால் குறுக்கே நின்றது. தம்பிக்காரர் மழைக்கோட்டோடு நேராக என் வண்டிக்குப் போய், கதவைத் திறந்து சாவியை உருவினார். பிறகுதான் உள்ளே வந்தார். பின்னாலேயே குடையோடு நாலைந்து பேர். அவர்களில் ஒருவன் என் கையிலிருந்த டேப்பைப் பார்த்துவிட்டு, "ரோடு அகலம் பண்றதுக்கு அளக்கறாங்கடோய்! நம்ம வூட்டுக்கும் வருவாங்க" என்று தெருப் பக்கம் கத்தினான்.

"யாருய்யா நீ?" தம்பிக்காரர் என் சட்டையைப் பிடித்தார். "யாரைக் கேட்டு உள்ள வந்தே? யாரு உன்னை அனுப்புச்சது?"

"அவரை ஏன்டா கேக்கறே?" அந்த அக்கா அறையிலிருந்து வந்தார். கையில் வீட்டுச் சாவிக் கொத்து. "நீதானே அனுப்பினே. இந்தா. நானே காலி பண்ணிடறேன். ஊரைக் கூட்டாதே."

"நானா? நான் அனுப்புனனா? நல்லாகீதுக்கா நாயம்! புதன்கிழமை இங்க கூட்டிகினு வர்றேன்னு வாங்கற பார்ட்டிகிட்ட நான் சொல்லி வெச்சிருக்கேன், நீ அதுக்குள்ள ஞாயித்துக்கிழமையே வேற பார்ட்டியைக் கொண்டாந்து அளந்துகினு கீற!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. என் சட்டையை விட்டார். பின்கட்டில் தண்ணீர் தொட்டியில் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"புதன்கிழமை யாரைக் கூட்டிகினு வரே?" என்றார் அந்த அக்கா.

"இல்லக்கா… சும்மா பேச்சுக்கு…"

"யாரை?"

அவர் மழைக்கோட்டிலிருந்து தண்ணீரை உதறினார். அக்கா என் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க யாரு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தார். ஒளிய இடமில்லை.

"அக்கா, வாங்க வரல. வீடு பார்க்க வரல." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "வீட்டை. வீட்டைப் பார்க்க வந்தாங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"இன்னாய்யா சொல்றே? வூடு பாக்கறதுக்கும் வூட்டைப் பாக்கறதுக்கும் இன்னா வித்தியாசம்?" என்றார் தம்பிக்காரர்.

"இருக்குடா" என்றார் அந்த அக்கா, மெதுவாக. "நிறைய இருக்கு."

அந்த அம்மா ஓடிப்போய்த் தன் நோட்டைக் கொண்டுவந்து விரித்தார். பக்கம் பக்கமாக அந்த வீடு. றெக்கை, சாய்ந்த குழாய், தண்ணீர்த் தாரை, அளவுகள். "எனக்கு இதை வாங்கறதுக்கெல்லாம் வசதி ஏது? மாணவர்களுக்குக் காட்டத்தான் வரைஞ்சேன். இந்த மாதிரி கூரை இங்க இருந்து மாம்பலம் வரைக்கும் நான் வேற பார்க்கல."

அந்த அக்கா நோட்டை வாங்கி, கூரை இருந்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"புதன்கிழமை அவங்களை வரச் சொல்லு. டீ போட்டு வெக்கறேன். உக்காரட்டும், குடிக்கட்டும். கையெழுத்து மட்டும் என்கிட்ட கேக்காதே."

"ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டேல்ல? இனிமே இந்த வாசப்படியை நான் மிதிச்சா…" அவர் முடிக்கவில்லை. என் சாவியைச் சேற்றில் வீசிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். மூன்று உதைக்குப் பிறகுதான் அது கிளம்பியது. அதுவரை எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

நான் சேற்றில் துழாவிச் சாவியை எடுத்தேன். திரும்பி வந்தபோது அந்த அக்கா பெட்டியிலிருந்து படத்தை வெளியே எடுத்திருந்தார். என்னிடம் நீட்டினார். ஆணியில் மாட்டினேன். படம் கோணலாகத் தொங்கியது. "விடு, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

மாடம்பாக்கம் போகவில்லை. திரும்பும் வழியில் அந்த அம்மா, "அவங்க ஏன் அண்ணா அப்படி நினைச்சாங்க? நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். கண்ணாடியில் அவர் முகம் இருந்தது. "குடும்பச் சண்டைம்மா" என்றேன். சனிக்கிழமையே எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. சில மாதம் கழித்து ஸ்டாண்டு விலாசத்துக்கு ஒரு போட்டோ அனுப்பினார். றெக்கை வீட்டின் ஹால். ஓரத்தில் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு கை. அது என் கைதான்.

அதற்குப் பிறகு ராஜகீழ்ப்பாக்கம் சவாரி வந்தால் அந்தத் தெருவைத் தவிர்ப்பேன். வீடு நிற்கிறது என்று மட்டும் கேள்விப்பட்டேன். அந்தத் தம்பி சொன்னதுபோலவே வாசற்படி மிதிக்கவில்லை என்பதையும் கேள்விப்பட்டேன்.

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம் அந்த அக்கா ஸ்டாண்டுக்கு வந்தார். ஐந்து வருடத்தில் முடி முழுக்க வெளுத்திருந்தது. பட்டுப் புடவை கட்டியிருந்தார். வேறு வண்டிகள் நின்றன. என் வண்டியின் கதவைத்தான் திறந்தார்.

"குரோம்பேட்டை. கல்யாண மண்டபம் ஒண்ணு கீது, அந்த வழியாப் போ. நிறுத்த வேணாம். மெதுவாப் போனாப் போதும்."

சானடோரியம் தாண்டினோம். பிறகு கண்ணாடியில் அவர் கண்கள் என்னைப் பிடித்தன.

"தம்பி பொண்ணுக்குக் கல்யாணம். எனக்குப் பத்திரிகை வரல" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவன் அனுப்பினானான்னு அன்னிக்கு உன்னைக் கேட்டேன். நீ தலையாட்டினே. ஆமான்னு ஆட்டினியா, இல்லன்னு ஆட்டினியா?"

"தெரியலைக்கா. வாய் வரல."

"நீ ஆட்டலன்னா புதன்கிழமை வந்தவங்க கையில சிக்கியிருப்பேன். அது எனக்குத் தெரியும். ஆனா அவன் வாயால அதை ஊர் முன்னாடி சொல்ல வெச்சதும் நீதான்." திட்டுகிறாரா, இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை. "வீடு நிக்குது. தம்பி வரதில்ல."

மண்டபம் வந்தது. சீரியல் விளக்குகள், நாதஸ்வரம், வாசலில் வாழை மரம். மெதுவாகப் போனேன். அவர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். தாண்டியதும், "இன்னொரு தடவை" என்றார். சுற்றி வந்தேன். தாண்டியதும் மறுபடி, "இன்னொரு தடவை."

மூன்றாவது முறை மண்டபத்துக்கு முன்னால், "நிறுத்தட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

கண்ணாடியில் அவர் தலை அசைந்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

நான் பிரேக்கை மிதித்தேன். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். கண்ணாடியை விட்டுவிட்டு, சீட்டில் முழுக்கத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். "வாயைத் திறந்து சொல்லுங்கக்கா. நிறுத்தவா, போகவா?"

பஸ்காரன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்து" என்றார்.

ஓரங்கட்டினேன். அவர் இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, வாழை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே போனார். நான் வண்டியிலேயே இருந்தேன். ஒரு பந்தி முடிகிற நேரம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது அவர் கையில் தாம்பூலப் பை இருந்தது. வாசலில் நிற்கிற பெண் யார் வந்தாலும் கொடுப்பாள். தம்பி பார்த்தாரா, பேசினாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ராஜகீழ்ப்பாக்கம்வரை அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தார். இறங்கும்போது அதிலிருந்து தேங்காயை எடுத்து முன் சீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

தேங்காயை என் மனைவி நேற்று உடைத்தாள். இன்றைக்கு வண்டி எடுக்கவில்லை. உட்கார்ந்து இதை எழுதி முடித்தேன்.

1998 ஜூன் 14, ஞாயிற்றுக்கிழமை.